வண்டி நிறுத்தக் கூடாத வாசல்

தலைநகரத்தைப் பற்றி ரவுண்டக்காவிடம் கேட்டால் வண்டி நிறுத்தும் இடங்களைப் பற்றித்தான் சொல்வாள். நாடாளுமன்றக் கட்டடமா? பின்பக்கம் விசாலமான இடம், ஆனால் பொட்டு நிழல் கிடையாது. பழைய அரண்மனையா? நிழல் தாராளம், ஆனால் மரத்தில் இருக்கும் காக்கைக் கூட்டம் முன்கண்ணாடியை ஒரு வழி பண்ணிவிடும். அருங்காட்சியகத்தில் டிரைவர்களுக்குக் கழிப்பறை இல்லை. அங்கே போகிற அன்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சுற்றுலா வேன் ஓட்டி எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஊரைக் காட்டியவள், தான் காட்டிய ஒரு கட்டடத்துக்குள்ளும் காலடி வைத்ததில்லை.

தேசிய நூலகத்தில் வண்டியை நிறுத்தவே விடமாட்டார்கள். பெரிய படிக்கட்டுக்கு எதிரே ஆட்களை இறக்கிவிட்டு உடனே நகர்ந்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்துவிடுவார். கட்டடத்தைச் சுற்றிலும் ஒருவழிப் பாதை. மற்ற டிரைவர்கள் எங்காவது சந்தில் ஒதுங்கி, போன் வரும்வரை சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். அவள் மட்டும் நூலகத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பாள்.

"என்னக்கா, சாமி சுத்துறியா?" என்று கேட்பார்கள். "இன்னொரு ரவுண்டு போய்ட்டு வாக்கா, வரம் கிடைக்கும்." அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வரம் கேட்டுத்தான் அவளும் சுற்றினாள். தெற்குப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் ஜன்னல்கள். மழை மூட்டமான நாட்களில் உள்ளே மேசை விளக்குகள் எரிவது தெரியும். விளக்குக்கு ஒன்றாகக் குனிந்த தலைகள் தெரியும். சிக்னல் விழுந்தால் அந்த ஜன்னலுக்கு நேராக நிற்கிற மாதிரி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டப் பழகியிருந்தாள். அந்தத் தலைகளில் ஒன்றாகத் தானும் ஒரு நாள் குனிந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. என்ன படிப்பாய் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

வேன் அண்ணனுடையது. கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து ஒரு வருடம் முடிவதற்குள் பெட்டியோடு திரும்பி வந்தவளை அண்ணன்தான் சேர்த்துக்கொண்டான். அதை அவள் மறுத்ததில்லை. அதன் பிறகு அண்ணனுக்கு முதுகெலும்பில் வட்டு விலகிப் படுத்த படுக்கையானபோது, தவணை கட்டாத வேனை வங்கிக்காரன் ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க, ஓட்டக் கற்றுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவள் அவள். அதை அண்ணன் எங்கேயும் சொன்னதில்லை. முதல் பயணத்தில் ஒரு பெரியவர், பெண் ஓட்டுகிற வண்டியில் வரமாட்டேன், இறங்குகிறேன் என்றார். அவள் கதவைத் திறந்துவிட்டாள். "இறங்குங்கய்யா. அடுத்த வண்டி நாளைக்குக் காலைல." பெரியவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். திரும்பி வரும்வரை குறட்டை விட்டுத் தூங்கினார்.

அண்ணன் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் ஸ்டியரிங் அவளிடமே தங்கிவிட்டது. அண்ணன் முன்சீட்டில் மைக்கைப் பிடித்து ஊரை விளக்குவான். "வலது பக்கம் பாருங்க" என்பான். எல்லாரும் வலது பக்கம் பார்ப்பார்கள். அவள் நேராகப் பார்ப்பாள்.

காத்திருக்கும் நேரங்களில் படித்தாள். பயணிகள் விட்டுப்போகிற பத்திரிகை, அட்டை கிழிந்த நாவல், யாரோ பிள்ளை மறந்துபோன புவியியல் பாடப் புத்தகம். கேட்டு யாரும் வராவிட்டால் அதெல்லாம் டிரைவர் சீட்டுக்கு அடியில் சேரும். அண்ணி வேனைச் சுத்தம் செய்யும்போது மொத்தத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுவாள்.

ஒரு தடவை தலைநகரத்திலேயே பிரேக் கோளாறாகி வண்டியை வொர்க்ஷாப்பில் விட வேண்டியதாயிற்று. பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு அவள் நேராக நூலகத்துக்கு நடந்தாள். வெளிவாசலில் வாசகர் அட்டை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"என்ன ஆராய்ச்சிங்க?"

"ஆராய்ச்சி இல்ல தம்பி. படிக்கணும்."

"நோக்கம்னு ஒண்ணு எழுதணுமே."

"அதான் சொன்னேனே. படிக்க."

"அது நோக்கம் ஆகாதுங்களே."

"அப்ப உள்ள இருக்கறவங்கல்லாம் என்ன பண்றாங்க?"

அவன் சிரித்துவிட்டான். 'படிக்க' என்றே எழுதிப் படம் பிடித்து அட்டையைக் கொடுத்தான். வேலை முடிந்து அட்டை கைக்கு வந்தபோது வாசிப்புக் கூடத்தை மூடுகிற மணி அடித்தது. அதற்குப் பிறகு வண்டி பழுதாகவே இல்லை. லீவு கேட்டால், "எதுக்கு?" என்பான் அண்ணன். சொன்னால் சிரிப்பான். அட்டை, டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைப்பில் செருகிக் கிடந்தது.

அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா பெரிய அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் கொஞ்சம் பழகட்டும் என்று அண்ணன் தன் வேனிலேயே தலைநகரம் காட்டிவர ஏற்பாடு செய்தான். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை; அண்ணியோடும் பாப்பாவோடும் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்து ஏறினார்கள். "வணக்கம்மா, நீங்க?" என்று சம்பந்தியம்மா டிரைவர் சீட்டைப் பார்த்துக் கேட்டார்.

ரவுண்டக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "நம்ம டிரைவருங்க. ரொம்ப நாளா நம்மகிட்ட இருக்காங்க. நல்லா ஓட்டுவாங்க."

வாழ்நாளில் முதல் முறையாக அண்ணன் அவளுக்கு 'ங்க' போட்டுப் பேசினான். அதைக் கேட்டு அவளுக்கு உடம்பு கூசியது.

முதல் நிறுத்தத்தில் டயரைப் பார்க்கிற சாக்கில் அண்ணனைப் பின்பக்கம் இழுத்தாள். "யாருண்ணே டிரைவரு?"

"ரெண்டு நாள்தானே. கொஞ்சம் பொறுத்துக்க. படிச்ச குடும்பம். நீ வேன் ஓட்டுறது ஒரு பக்கம், புருஷன் வீட்ட விட்டு வந்தது இன்னொரு பக்கம். ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்லிட்டிருக்க முடியுமா? பாப்பா வாழ்க்கைம்மா இது."

"பாப்பாகிட்டயும் சொல்லிட்டியா?"

"சொல்லாம? அத்தைன்னு வாய் தவறிக் கூப்பிட்டுடக் கூடாதுல்ல."

அண்ணன் மகள் அந்த இரண்டு நாளும் அவளை எப்படியும் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் தோளைத் தொட்டாள். கண்ணாடியில் இருவர் பார்வையும் சந்தித்தபோதெல்லாம் அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாப்பாட்டுக் கடையில் கூட்டம் கூட்டி வருகிற டிரைவர்களுக்கென்று சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை உண்டு. அங்கே அவர்களுக்குச் சாப்பாடு இலவசம். எத்தனையோ தடவை மற்ற டிரைவர்களோடு வாயடித்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்ட மேசை அது. அன்று அங்கே உட்கார்ந்து, தன் வீட்டு ஆட்கள் முன் ஹாலில் சிரித்துப் பேசுவதைக் கேட்டபோது சோறு இறங்கவில்லை. பாப்பா வாழ்க்கை என்ற ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டு எழுந்து கை கழுவினாள்.

இரண்டாம் நாள் நூலகம். அண்ணன் மைக்கில், "கவிழ்த்து வச்ச கிண்ணம் மாதிரி கோபுரம்" என்று ஆரம்பித்து வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்தான். படிக்கட்டுக்கு எதிரே வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். சம்பந்தியம்மா மட்டும் இறங்கிய கையோடு திரும்பினார்.

"டிரைவரம்மாவும் வரட்டுமே. பாவம், ரெண்டு நாளா வண்டியிலயே இருக்காங்க."

"அவளுக்கு எதுக்குங்க?" அண்ணன் சிரித்தான். 'ங்க' போட வேண்டியதை மறந்துவிட்டான். "புத்தகத்துக்கும் அவளுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டிருப்பா. அதான் அவளுக்குத் தெரிஞ்சது."

ரவுண்டக்கா எஞ்சினை அணைத்தாள்.

அந்த இடத்தில் எஞ்சின் சத்தம் நின்று அவள் கேட்டதில்லை. போலீஸ்காரர் தொலைவிலிருந்தே விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அவள் சாவியை உருவினாள். வெயில் மறைப்பிலிருந்து அட்டையை எடுத்தாள். இறங்கி வந்து சாவியை அண்ணன் சட்டைப் பையில் போட்டாள்.

"என்ன பண்ற? விசில் ஊதுறான் பாரு!"

"உனக்குத்தான் ஊதுறான். வண்டிய எடு."

"நான் இவங்களக் கூட்டிட்டு உள்ள போகணும்ல?"

"வழி போட்டிருக்கான் அண்ணே, அம்புக்குறியெல்லாம் இருக்கு. அவங்க படிச்சவங்க, பாத்துப் போய்க்குவாங்க. நீ ரெண்டு ரவுண்டு அடி."

'அண்ணே' என்று வாய் தவறி வந்துவிட்டதோ என்று அண்ணி திடுக்கிட்டுப் பார்த்தாள். ஊரில் எல்லாரும் எல்லாரையும் அண்ணே என்பதுதானே என்று சம்பந்தி அதைப் பொருட்படுத்தாமல் படியேறிக்கொண்டிருந்தார். விசில் நெருங்கியது. அண்ணன் சுற்றும்முற்றும் பார்த்தான்; வேறு வழியில்லாமல் டிரைவர் சீட்டில் ஏறினான். முதல் கியரில் வண்டி ஒரு குதி குதித்து நின்றது; பிறகு கிளம்பியது.

பார்வையாளர்களுக்கு ஒரு வழி, வாசகர்களுக்கு ஒரு வழி. பார்வையாளர்கள் மாடிக்குப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வாசிப்புக் கூடத்தைக் கீழே பார்க்கலாம். அட்டை உள்ளவர்கள் கீழேயே போகலாம். காவலாளி அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பையும் போனும் லாக்கர்ல வச்சிடுங்க. பேனா கூடாது, பென்சில் மட்டும்." அவள் போனை லாக்கரில் வைத்தாள். பேனாவும் பென்சிலும் அவளிடம் இல்லை. அவரே மேசையில் கிடந்த ஒரு துண்டுப் பென்சிலைக் கொடுத்தார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் தோன்றியது, இவ்வளவுதானா என்பதுதான். வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து மனத்தில் கட்டிவைத்த கூடம் இதைவிடப் பெரியது. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பழைய காகிதத்தின் மணத்தோடு தலைவலித் தைலத்தின் வாடையும் கலந்திருந்தது. ஏமாற்றத்தை அவள் மூக்கோடு நிறுத்திக்கொண்டாள். சின்னதோ பெரியதோ, உள்ளே வந்தாயிற்று.

அடுத்த சிக்கல் இனிமேல்தான். இங்கே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. என்ன வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். மேசையில் இருந்த பெண் காத்திருந்தாள். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஊரையே ஓட்டிக் காட்டியவளுக்கு ஒரு புத்தகத்தின் பெயர் வாயில் வரவில்லை.

"என்ன பாக்கணும்னு தோணுதோ அதச் சொல்லுங்க, தேடித் தரேன்" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி.

"ஊர்" என்றாள் ரவுண்டக்கா. "இந்த ஊரப் பாக்கணும். பழைய மேப் ஏதாவது இருக்குமா? ரொம்பப் பழசா?"

கூடத்தின் நடுவில் இருந்த அகலமான மேசைக்கு அவளை அனுப்பினார்கள். சற்று நேரத்தில் இரண்டு பேர் ஒரு பெரிய உறையைத் தூக்கிக்கொண்டு வந்து வரைபடத்தை விரித்தார்கள். சுருண்டுகொள்ளாமல் இருக்க, துணிக்குள் ஈயக் குண்டுகள் போட்டுத் தைத்த நீளப் பைகளை ஓரங்களில் வைத்தார்கள். கையால் வரைந்த வரைபடம். ஒவ்வொரு தெருவும் பழுப்பு மையில், ஆறு மட்டும் நீலத்தில்.

அவள் தெருத் தெருவாகப் போனாள். விரலைக் காகிதத்தில் படாமல் மேலே தூக்கிப் பிடித்தபடி, ஊருக்குள் நுழையும் சாலையில் தொடங்கி, தான் வழக்கமாகத் திரும்பும் இடங்களில் திரும்பினாள். நாடாளுமன்றம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வயல். அரண்மனை அப்போதும் இருந்தது, மரங்களும் இருந்தன. காக்கைகளை வரைந்தவர் விட்டுவிட்டார். பிறகு நூலகத்துக்கு வந்தாள். நூலகம் இல்லை. அந்த இடத்தில் ஒரு திறந்த மைதானம். அதில் சின்னச் சின்னதாகச் சக்கரங்களும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். நடுவே வளைந்த எழுத்தில் 'வண்டிகள் நிற்குமிடம்' என்று எழுதியிருந்தது.

ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு அடக்க முடியாமல் பீறிட்டு வந்தது. கூடத்தில் பாதித் தலைகள் நிமிர்ந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தன்னை நிற்க விடாமல் விரட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு காலத்தில் டிரைவர்களும் மாடுகளும் ஹாயாகப் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மேலே கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் நின்றிருந்தார்கள். நடு மேசை நேர் கீழே இருந்தது, மறைய இடமில்லை. சம்பந்தியம்மா அவளைக் கையால் காட்டி ஏதோ கேட்டார். அண்ணி அவசரமாகத் தலையை ஆட்டிச் சம்பந்தியம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் மகள் மட்டும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து நின்றாள். பிறகு திரும்பி ஏதோ சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அண்ணி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு சத்தமும் கீழே கேட்கவில்லை. ஆனால் பாப்பா உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று ரவுண்டக்காவுக்குப் புரிந்தது. கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து ஓடலாம், சமாதானம் சொல்லலாம். கால்கள் அதற்குத் தயாராகவே இருந்தன. அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆற்றின் மறுகரை இன்னும் பார்க்கவில்லை. பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வெளியே படிக்கட்டில் நால்வரும் நின்றிருந்தார்கள். அண்ணன் மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நான் சொல்லிட்டேன். அப்பா என்னைக் கொன்னாலும் பரவாயில்ல."

"கொல்றதுக்கு அவன் முதல்ல வண்டிய நிறுத்தணுமே" என்றாள் ரவுண்டக்கா.

வேன் கடந்து போனது. அண்ணன் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி என்னவோ கத்தினான். போலீஸ்காரர் போ போ என்று சைகை காட்ட, போய்விட்டான்.

"ஏம்மா," சம்பந்தியம்மாவின் குரலில் கோபம் இருந்தது. "ரெண்டு நாளா டிரைவரம்மா, டிரைவரம்மான்னு கூப்பிட்டிருக்கேன். சாப்பாட்டுக் கடையில தனியா உட்கார வச்சிருக்கோம். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எங்களப் பத்தி என்ன நினைச்சீங்க?"

"நான் டிரைவர்தாங்க. அதுல பொய்யில்ல. பாதியச் சொன்னாங்க, மீதிய முழுங்கிட்டாங்க. மீதியையும் கேட்டுக்குங்க. கட்டிக் கொடுத்த வீட்டுல இருக்கப் பிடிக்கல, வந்துட்டேன். யாரும் துரத்தல. நானா வந்தேன். இதுனால உங்களுக்குப் பொண்ணு வேண்டாம்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. அவ நல்ல பொண்ணு. அவளக் காயப் போடாதீங்க."

சம்பந்தியம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். சம்பந்தி கையமர்த்தினார். "அண்ணன் வரட்டும்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த சுற்றில் வேன் படிக்கட்டுக்கு எதிரே நின்றது. அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "போனை எங்க வச்ச? எத்தன தடவ கூப்பிடறது? வந்து வண்டிய எடு!"

"நீயே ஓட்டு."

"எனக்கு முதுகு…"

"இவ்வளவு நேரம் சுத்துன முதுகுக்கு இன்னும் கொஞ்சம் ஓட்ட முடியாதா?"

"இது யாரு வண்டின்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. வங்கிக்காரன் வாசல்ல வந்து நின்னப்ப யாரு ஓட்டிட்டுப் போனதுன்னும் ஞாபகம் இருக்கு. இப்ப இவங்களுக்கு நான் யாருன்னு சொல்லு. நீ சொல்லணும். பாப்பா சொன்னது கணக்குல வராது."

விசில் ஊதியது. அண்ணன் போலீஸ்காரரைப் பார்த்தான், சம்பந்தியைப் பார்த்தான். தங்கையை மட்டும் பார்க்கவில்லை. "வண்டில ஏறுங்க, போறப்ப பேசிக்கலாம்."

யாரும் ஏறவில்லை. ரவுண்டக்கா முதல் படியில் உட்கார்ந்தாள். அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விசில் பக்கத்தில் வந்துவிட்டது.

"தங்கச்சிங்க" என்றான் அண்ணன், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "கூடப் பொறந்த தங்கச்சி. நான் படுத்துக் கிடந்தப்ப குடும்பத்த இவதான் ஓட்டினா. வெட்கப்பட்டுச் சொல்லாம விட்டேன்."

"இத நேத்தே சொல்லியிருந்தா உங்களுக்கும் இவ்வளவு வியர்த்திருக்காது, எங்களுக்கும் கால் வலிச்சிருக்காது" என்றார் சம்பந்தி. "கல்யாணம் பேசறது வீட்டுக்குப் போய். எங்களுக்கும் யோசிக்க இருக்கு. தங்கச்சிய மறைச்சவரு வேற எத மறைச்சிருக்கீங்கன்னு கேக்கணும்ல?" பிறகு அண்ணன் மகளைப் பார்த்தார். "ஆனா இந்தப் பொண்ணு எதையும் மறைக்கலன்னு கண்ணால பாத்துட்டேன்." சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ரவுண்டக்கா கடைசியாக ஏறினாள். முன்பக்கம் போகவில்லை. நடு வரிசையில் ஜன்னல் ஓரத்தில் அண்ணியின் கைப்பை இருந்தது. அதை எடுத்து அண்ணியின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அண்ணி ஏதோ முணுமுணுத்தாள். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வண்டி கிளம்பியது. வலது பக்கம் கடைகள், இடது பக்கம் கடைகள், மாடியில் துணி காயப்போடும் ஒரு ஆள். இத்தனை காலம் இதெல்லாம் அவள் கண்ணில் பட்டதே இல்லை. தெரு திரும்பியதும் ஆற்றுப் பாலம் வந்தது. அதில் எத்தனையோ தடவை வண்டி ஓட்டியிருக்கிறாள். அடியில் தண்ணீர் ஓடுகிறதா, மணல்தான் கிடக்கிறதா என்று தெரியாது.

"அண்ணே, மெதுவாப் போ."

"பின்னாடி ஹாரன் அடிக்கிறான்."

"அடிக்கிறவன் அடிச்சுக்கட்டும். நான் ஆத்தப் பாக்கணும்."

அண்ணன் கியரைக் குறைத்தான்.